ட்ரங்குப் பெட்டிப் பேப்பரும் என்ர நாப்பது நாளும்

மார்ச் 5, விபூதிப் புதன்

வெயில். காத்து ஒரு சொட்டுமில்லை. நெத்தியில சாம்பல் பூசி அஞ்சு நிமிஷமாகேல்லை, கோயில் வாசலிலேயே வில்லங்கம்.

தவக்காலத்துக்கு என்ன ஒறுத்தல், எதை விடப்போறியள் எண்டு பங்குச் சுவாமி கேட்டார். ஒருத்தி இறைச்சி எண்டாள், ஒருத்தி தேத்தண்ணிக்குச் சீனி எண்டாள். நான் யோசிக்காமல் சொல்லிப்போட்டன்: "ஊர்ச்சனத்தின்ர கதை கதைக்க மாட்டன் சுவாமி."

ஒரே சிரிப்பு. கூடச் சிரிச்சது மச்சாள் மெற்றில்டா, என்ர மனுசன்ர தங்கச்சி. "நீயோ? மீன், தண்ணி குடியேன் எண்ட கதைதான்."

பிறகு எல்லாருக்கும் முன்னால சொன்னாள்: "நாப்பது நாள் தாக்குப் பிடி பாப்பம். பிடிச்சியெண்டால் பெரிய வெள்ளிக்கு நீயே முன்னுக்கு நிண்டு பசாம் படி. ஒரு கதை வெளியில வந்தாலும் நான்தான்."

பசாமெண்டால் ஆண்டவரின்ர பாடுகளை ராகத்தோட படிக்கிற இடம். அம்மா நிண்ட இடம். அவ போனாப் பிறகு பதினொரு வருஷமா நான். மெற்றில்டா (இனி மெ.) படிச்சால் மூக்கடைச்சுத் தடிமன் பிடிச்ச ஆள் மாதிரி இருக்கும். (இது வாயால சொல்லேல்லை. எழுதினது. பாவமில்லை.)

"ஓம்" எண்டிட்டன்.

மார்ச் 8, சனி

மூண்டே நாள். தொண்டை கடிக்குது. கடையில ரெண்டு கதை, கிணத்தடியில ஒண்டு. கேட்டது கேட்டாச்சு, சொல்ல ஏலாது. ஒவ்வொரு கதைக்கும் ஒரு புளியங்கொட்டை, ஜாம் போத்தலுக்குள்ள போட்டு வைக்கிறன். மறக்கக் கூடாதெல்லோ.

மனுசன் கேக்கிறார், "வருத்தமோப்பா? வீட்டில சத்தத்தைக் காணேல்லை."

மார்ச் 11, செவ்வாய்

அம்மான்ர ட்ரங்குப் பெட்டியைத் துடைச்சன். சண்டைக்குப் பயந்து மடுக் கோயிலுக்கு ஓடேக்கையும் கூட வந்த பெட்டி. அடியில விரிச்ச பழைய பேப்பர். மஞ்சளாப் போய், பூச்சி அரிச்சு. தலைப்பு மட்டும் இருக்கு, கீழ செய்தியைக் காணேல்லை.

"மன்னாரில் கட்டாக்காலிக் கழுதைகளைப் பிடிக்கத் தீர்மானம்."

பிடிச்சவங்களோ? பிறகு என்ன நடந்திருக்கும்? யோசிக்க யோசிக்கக் கதை தானா வருது. சத்தமாச் சொல்லிப் பாத்தன். வாய்க்கு என்ன சுகம்! இது ஊர்ச்சனத்தின்ர கதையில்லை. கழுதை சனமே இல்லை. மாதா வழி காட்டிப்போட்டா.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப்பாதை முடிஞ்சு கோயில் வளவில கஞ்சி. பெண்டுகளுக்கு அவிட்டு விட்டன்:

பிடிகாரர் நாலு பேர் கயிறோட வந்தவை. கழுதையள் தபால் கந்தோருக்கு முன்னால கூட்டம் போட்டு, பிடிகாரரைப் பிடிக்கிறதெண்டு தீர்மானம். பிடிச்சுக் கட்டியும் போட்டுதுகள். ஒரு கழுதை போய்க் கந்தோர் ஐயான்ர கதிரையில ஏறி இருந்திட்டுது. ரெண்டு மாதம் ஒருத்தருக்கும் தெரியேல்லை. ஆர் போய் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுது, "நாளைக்கு வா" எண்டு சொல்லுதில்லை. கடைசியில சனம் மனுக் குடுத்தது: இந்த ஐயா தங்கமானவர், மாத்த வேண்டாம்.

பக்கத்தில இருந்த பெட்டை றோசலினுக்குக் கஞ்சி மூக்கால வந்தது. "இன்னொண்டு சொல்லுங்கோ மாமி!"

மெ. மற்றப் பக்கம் திரும்பி நிண்டாள். தோள் குலுங்கினதைக் கண்டனான்.

மார்ச் 21, வெள்ளி

இண்டைக்குப் பெட்டிப் பேப்பரில அடுத்த தலைப்பு, "சந்திரனில் மனிதன்." தாழ்வுபாட்டுக் கருவாட்டுக்காரர் ஒருத்தர் உடனே கடிதம் போட்டாராம்: மழையில்லை, காகமில்லை, பூனையில்லை, கருவாடு காயப்போட அங்க ஒரு துண்டு வளவு தாங்கோ. மறுமொழி வந்ததாம்: தாறம், உப்பு நீங்கள்தான் கொண்டு போகவேணும்.

ஊர்க்கதையை அடக்கி அடக்கித் தலைவலி, குளிசையும் முடிஞ்சுது. புளியங்கொட்டை 14.

ஏப்ரல் 4, வெள்ளி

பிழைச்சுப் போச்சு.

தலைப்பு: "இறங்குதுறைக்கு மூன்றாம் முறையாக அடிக்கல்." நான் சொன்ன கதை: தலைவர் வருஷா வருஷம் மாலை போட்டுக்கொண்டு வந்து ஒரு கல் நடுறார். இருபது வருஷத்தில கல்லு கல்லாச் சேந்து கடலுக்குள்ள நீண்டு போச்சு. வள்ளங்கள் வந்து அதிலேயே கட்டுது. ஒருத்தரும் கட்டாமலே இறங்குதுறை முடிஞ்சுது. திறப்பு விழாவுக்கு இன்னொரு கல்.

பெண்டுகள் அளவுக்கு மிஞ்சிச் சிரிச்சவை. சிரிச்சுச் சிரிச்சு மெ.யைப் பாக்கினம். அப்பதான் எனக்கு விளங்கினது. அவளின்ர மனுசன் யோசேப்பு அண்ணை மீனவர் சங்கத் தலைவர். வலை மண்டபத்துக்கு ரெண்டு தரம் அடிக்கல் நட்டவர். மண்டபத்தை இன்னும் காணேல்லை.

மெ. கோப்பையை வைச்சிட்டுப் போயிட்டாள். அந்தோனியாரே, நான் அவரை நினைக்கவேயில்லை.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

வெற்றி!

பூசை முடிய, குருத்தோலையும் கையுமா மெ. சுவாமிக்கு முன்னால: "இவ ஒறுத்தலை முறிச்சிட்டா. என்ர மனுசனை வைச்சு ஊரெல்லாம் பகிடி. பசாம் எனக்கு."

நான் செபப் புத்தகத்துக்குள்ள மடிச்சு வைச்ச அந்த இறங்குதுறைப் பேப்பரை எடுத்து நீட்டினன். சுவாமி கண்ணாடியை உயத்தித் திகதியைப் பாத்தார்.

"மெற்றில்டாம்மா, இது நான் பிறக்க முந்தின பேப்பர்."

யோசேப்பு அண்ணையும் எட்டி வாசிச்சார். வாசிச்சிட்டு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறார். "மூண்டாம் தரமோ? அப்ப எனக்கு இன்னும் ஒரு கல்லு இருக்கு!"

மெ. என்னைப் பாத்தாள். "பிறகேன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"சொன்னால் உன்ர மனுசனைப் பற்றிக் கதைச்ச கணக்கெல்லோ மச்சாள்."

அவள் பேப்பரைத் திருப்பி என்ர கையில வைச்சிட்டு நடந்தாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

படிச்சன். அம்மான்ர இடத்தில நிண்டு, அம்மான்ர ராகத்தில. மாதா மகனை மடியில வாங்கிற இடத்தில குரல் உடையப் பாத்தது, விடேல்லை. முன் வரிசையில மெ. தேம்பித் தேம்பி அழுதாள். தடிமன் இல்லை. உண்மையான அழுகை.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

அல்லேலூயா. பூசையால வந்து செருப்புக் கழட்டேல்லை, வாசல் படலையில ஆள். மெ., கையில தொதல் இனிப்புத் தட்டு.

"என்னடி மச்சாள்?"

"ஒண்டுமில்லை." அங்கயும் இங்கயும் பாக்கிறாள். பிறகு மெல்ல, "நாப்பது நாளா எனக்கு ஊரில என்ன நடக்குதெண்டே தெரியேல்லை. நீ சொல்லாட்டி எனக்கு ஆர் சொல்லுறது?"

கதிரை ரெண்டையும் வேம்புக்குக் கீழ போட்டாச்சு. தேத்தண்ணி ஊத்தியாச்சு. புளியங்கொட்டைப் போத்தலை அவளின்ர மடியில கவிட்டன். முப்பத்தொரு கொட்டை. எழுத நேரமில்லை.