பென்சில் புள்ளிகள்

அலமாரியைத் துடைக்கும்போது அந்த வரைபட நகல் கிடைத்தது. விரித்ததும் நகலெடுக்கிற அம்மோனியாவின் நெடி. இந்த நெடிக்கு நீ தும்முவாய். நீ போய் மூன்று மாதமாகிறது.

கொச்சங்காடியில் சுக்குக் கிடங்கின் மாடியில் நம் அலுவலகம். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் செயற்கைக்கோள் படத்தைப் பரப்பி, எது வயல், எது தண்ணீர் என்று இருவரும் வரைவோம். பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டு, மாறிய இடத்தைக் காட்ட வேண்டும். மேகமில்லாத படம் தை, மாசியில்தான் கிடைக்கும். மழைக்காலத்தில் மட்டும் நெல் விளையும் பொக்காளி வயல்களில் அப்போது நெல் இருக்காது; உப்புநீரை விட்டு இறால் வளர்த்துக்கொண்டிருப்பார்கள். படத்தில் வயலும் பக்கத்துக் காயல் தண்ணீரும் ஒரே கறுப்பு.

"சம்சயம் உள்ள எடத்தை சம்சயமாத்தான் காட்டணும்டீ" என்று அங்கே பென்சிலால் புள்ளி வைத்தாய். சந்தேகம் கூடக்கூடப் புள்ளிகளை நெருக்கினாய். "கோலம் போடறியா?" என்று நான் கேலி செய்தேன்.

நீ விடுப்பிலிருந்த நாளில், நாம் பெரியவர் என்று சொல்லும் மேலதிகாரி வந்தார். "இதென்ன, அம்மை போட்ட மாதிரி? வயலோ வெள்ளமோ, ரெண்டுல ஒண்ணு பறயணும். சாயங்காலம் அனுப்பணும்." எனக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். புள்ளிகளை அழித்துவிட்டு, தண்ணீர் என்று மையால் கோடு போட்டேன்.

இனி அது நெல்வயல் இல்லை, தண்ணீராகிப்போன நிலம்தானே என்று, மண்ணடித்து மேடாக்க அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஐப்பசியில் ஒரு விவசாயி கதிர்க்கட்டோடு மாடியேறி வந்தார். வரைபடத்தின் மூலையில் வரைந்தவர் என்று உன் பெயர்தான் இருந்தது. கதிர்க்கட்டை உன் மேசையில் வைத்தார்.

"சேச்சி, இது காயல்ல வெளஞ்சதாணோ?"

நீ எழுந்து நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டாய். அவர் போனபின், "பெரியவர்தான் அழிச்சிருப்பார்" என்றாய். நான் தலையாட்டினேன். மேலிடத்துக்கு நீ எழுதிய கடிதம் எதற்கும் பதில் வரவில்லை. பங்குனிக்குள் அந்த விவசாயியின் வயலில் செம்மண் நிரம்பிவிட்டது. அதன்பின் நீ எந்தப் படத்திலும் புள்ளி வைக்கவில்லை. அதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அன்றும் திறக்கவில்லை. கோழை நான்.

இப்போது பார்க்கிறேன், சரியாக அழியாத நாலைந்து புள்ளிகள் நகலில் விழுந்திருக்கின்றன. கோடு போட்டிருப்பது என் கை. என் கோட்டை எங்கே பார்த்தாலும் நீ அடையாளம் சொல்வாய். அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் பெரியவர் பெயரைச் சொன்னாயா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்.