அப்பா குடித்த தண்ணீர்

அன்புள்ள அண்ணா,

அப்பாவைப் பார்த்துக்கொள்ள இணையத்தில் தேடி ஓர் ஆளை வைத்திருக்கிறேன். பெயர் நந்தகுமார், ஜலகண்டாபுரத்துக்காரர். முன்பு வேலை பார்த்த வீட்டில் விசாரித்த பிறகே வரச்சொன்னேன்.

படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அப்பா தண்ணீர் குடிக்க மறுத்தார். வீம்பு என்று நினைத்து நானும் கத்தியிருக்கிறேன். நந்தகுமார் வந்த அன்றே காரணம் கேட்டார்.

"தண்ணி குடிச்சா துணி நனையுது. பெத்த புள்ள கையில எப்படிச் சாமி மாத்திக்கறது?" என்றார் அப்பா.

"இனி நா இருக்கறனுங்க, தெகிரியமாக் குடிங்க."

அப்பா ஒரு சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

இப்போது அப்பாவும் நானும் பழையபடி சிரித்துப் பேசுகிறோம். நீ எப்போது வருவாய் என்று கேட்டார். உனக்கு வேலை அதிகம் என்று நானே சொல்லிவிட்டேன்.

உன் தங்கை