லயத்து வாசலுக்கு வர வேண்டிய கார்

நான் இராமையா குணசேகரன். ஹட்டனில் ஒரு பாடசாலையின் பிரதி அதிபர். என் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் உன் காரைப் பற்றி உனக்குச் சில விடயங்களைத் தெரிவிப்பதற்காக இம்மடலை எழுதுகிறேன். பெயரையும் நோக்கத்தையும் முதலில் சொல்லாமல் எனக்கு எதையும் தொடங்க வராது. அதற்காகத்தானே நீ எனக்கு ‘சர்க்குலர்’ என்று பெயர் வைத்தாய்.

இன்று காலை காரின் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஈரத் தோலின் வாடை முகத்தில் அடித்தது. இருக்கைகளில் மறுபடியும் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. போன வாரம்தான் துடைத்தேன். அந்த வாடைக்கு அடியில், மிகவும் மெலிதாக, நீ கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவைத்த சந்தன வில்லையின் மணம் இன்னும் இருந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு துடைக்காமல் நின்றேன். தோல் இருக்கை என்று நீ எவ்வளவு பெருமைப்பட்டாய்! வருடத்தில் பாதி நாள் பனிமூட்டத்துக்குள் கிடக்கும் ஊரில் அந்தத் தோலை யார் உலர்த்திக்கொண்டிருப்பது என்று விற்றவனும் சொல்லவில்லை, வாங்கிய நீயும் கேட்கவில்லை.

நீ அதை வாங்கிக்கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? தலவாக்கலையில் உன் ஹார்ட்வெயார் கடையைப் பூட்டிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாய். கறுப்பு நிறம், ஜெர்மன் கார், பளபளப்பில் எதிர்வீட்டு வேலி தெரிந்தது. நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருந்ததால் டயரில் விதை ஒட்டியிருந்தது.

“எப்படிடா?” என்றாய். “கொழும்புல ஒரு லேடி டாக்டர் ஓட்டுன வண்டி. அந்தம்மா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் போயிருக்காங்க.”

“பழைய கார் எல்லாவற்றையும் லேடி டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார். இலங்கையில் அத்தனை லேடி டாக்டர்கள் இல்லை” என்றேன்.

“வந்துட்டாருடா சர்க்குலரு! மொதல்ல ஏறி உக்காரு. பொறவு பேசு.”

நான் ஏறி உட்காரவில்லை. பத்திரங்களைக் கேட்டு வாங்கி, காரின் முன்மூடியின் மேல் விரித்துப் படித்தேன். புதிய சிறிய கார் ஒன்றின் விலைக்கு இது எப்படிக் கிடைத்தது என்பது என் முதற் கேள்வி. உனக்கு ஒரு விளக்கமும் கொடுத்தேன். இப்படிப்பட்ட காரின் விலை வருடத்துக்கு வருடம் விழும். ஆனால் அதன் உதிரிப் பாகத்தின் விலை விழாது. புதுக் காரின் பாகத்துக்கு என்ன விலையோ அதே விலைதான் பழைய காரின் பாகத்துக்கும். முதல் உரிமையாளர் விற்றது காரை மட்டுமல்ல, தான் செய்யாமல் தள்ளிப்போட்ட செலவுகளையும்தான். நீ வாய்விட்டுச் சிரித்தாய். “நீ சொல்றது எல்லாம் சரி மச்சான். நீ எப்பத்தான் தப்பா சொல்லியிருக்க?” என்றாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த ஒரு விடயத்தைச் சொன்னாய்.

“நம்ம தோட்டத்துல தொரையோட காரு எங்க நிக்கும்? தேயில ஸ்டோருக்கு மேல, முடக்குல. அதுக்கு இங்கிட்டு ஒருநாளாவது வந்திருக்கா? லயத்துக்கு வந்தது கொழுந்து லொறி மட்டும்தான். கல்யாணப் பொண்ணும் அதுலதான், பொணமும் அதுலதான். இந்த மாதிரி ஒரு காரு லயத்து வாசல்ல போயி நிக்கணும்டா. அதுக்குத்தான் வாங்குனேன்.”

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அந்த லயத்தில், வளர்ந்தவர்கள்தான் நாம் இருவரும். உன் தங்கை பாக்கியத்தைத் தோட்டத்தின் மேல் டிவிசனுக்குக் கட்டிக்கொடுத்த அன்று மழையில் லொறி ஏற மறுத்ததையும், அவள் கூறைச் சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து போனதையும் நாம் இருவரும் பின்னால் நடந்து பார்த்தவர்கள். ஆகவே பத்திரங்களை மடித்துக் கொடுத்துவிட்டேன்.

கார் போன முதல் கல்யாணம் உன் கடையில் வேலை செய்தவரின் மகளுக்கு. தார் முடிகிற முடக்கு வளைவில் கார் நின்றது. முன்னால் கல்லும் பள்ளமும். “இதுக்கு மேல வேணாம், வண்டி தாழ்வு” என்றேன். பின் ஆசனத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். நீ பொத்தானை அமுக்கினாய். கார் மூச்சை இழுத்துக்கொண்டு மேலே எழும்பியது. ஊரே ஆவென்று பார்த்தது. காற்றுப் பைகளில் நிற்கும் கார் என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஆண்கள் முன்னால் போய்க் கல்லைப் புரட்டினார்கள், பள்ளத்தில் பலகை போட்டார்கள். தாம்பாளம் ஏந்திய பெண்கள் சத்தம் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்கள். “ஏ, பாத்துப் போங்கப்பா, கொழுந்து ஏத்தவா வந்திருக்கு? பொண்ணு இருக்குல்ல!” என்று யாரோ கத்தினார்கள். காரின் வயிற்றுப் பக்கம் மூன்று நான்கு முறை பாறையில் உரசியது. ஒவ்வொரு முறையும் நீ கண்ணை மூடிக்கொண்டாய். வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆரத்தித் தண்ணீர் முன்மூடியில் வழிந்தது. இறங்கிய பெண்ணை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் காரைத் தொட்டுப் பார்த்தார்கள். உன் முகத்தை அன்று பார்த்தவன் நான். அதற்கு முன்னும் பின்னும் அப்படி நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கார் இடது பக்கம் சரிந்து, அசை போடும் மாட்டைப் போலத் தரையில் படுத்திருந்தது.

அதன் பிறகு நடந்தவை உனக்குத் தெரியும். ஆனாலும் முழுமைக்காக எழுதுகிறேன். தலவாக்கலையில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக் பாஸ் அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, தன்னிடம் உள்ள எந்தச் சாவியும் இதற்கு ஆகாது என்று சிங்களத்தில் சொல்லிக் கைகூப்பினார். கொழும்புக்கு லொறியில் ஏற்றினாய். அங்கே கணினியைச் செருகிப் பார்ப்பதற்கே தனிக் கட்டணம். காற்றுப் பை ஒன்று போனால் மற்றதையும் மாற்ற வேண்டும். மாற்றினால், அதுவரை கிழிசலுக்குக் காற்றடித்துக் களைத்துப்போன பம்பியையும் மாற்ற வேண்டும். இறக்குமதிக்குத் தடை இருந்த காலம் அது. பாகம் வர மாதங்கள் ஆயின. அதற்குள் பற்றரி படுத்தது. கடையில் கிடைக்கும் பற்றரியை மாட்டினால் கார் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. புதிய பற்றரியை அதற்கு அறிமுகம் செய்துவைக்க மறுபடியும் கணினி. எண்ணெய் கூட அது குடிக்கும் வகை ஹட்டனில் இல்லை. கல்யாணத்துக்குப் பூமாலையை ஒட்டிய டேப் கழற்றும்போது வண்ணத்தையும் உரித்துக்கொண்டு வந்தது. அந்த வண்ணத்தைக் கலக்கவும் கொழும்பு.

ஹட்டனில் உதிரிப் பாகக் கடை வைத்திருக்கும் நசீர் நானாவிடம் நாம் போனது நினைவிருக்கிறதா? அவர் பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

“மொதலாளி, இத வாங்குனது பெரிய விஷயமே இல்ல. யாரும் வாங்கலாம். வச்சிருக்கிறதுதான் கஷ்டம். யான வாங்குன கணக்குத்தான். தீனிய யாரும் கேக்குறதில்ல.”

“யானையக் கோயிலுக்காவது குடுக்கலாம் நானா” என்றாய் நீ. “இதக் கோயில்லயும் எடுக்க மாட்டாங்க.”

மூவரும் சிரித்தோம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கல்யாணத்துக்கு நீ அந்தக் காரைக் கொடுத்தாய். கேட்டு வந்தவர்களுக்கு ‘இல்லை’ என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. வாடகை வாங்கவும் மனம் வரவில்லை. வெற்றிலைத் தட்டும் ஒரு தேங்காயும் வாங்கிக்கொண்டு திரும்பினாய். ஒரு விதி வைத்துக்கொள், முடக்கு வரைதான் கார் வரும் என்று எழுதிக் கடையில் ஒட்டு என்றேன். “முடக்குல நிக்கிறதுக்கு நான் எதுக்குடா? தொரையே போதுமே” என்றாய்.

நான் சொன்னவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாயின. அதனால் யாருக்கும் எந்தப் பயனும் ஏற்படவில்லை. சரியாகச் சொல்வது ஒரு பாதுகாப்பு என்று நான் ஐம்பது வயது வரை நம்பியிருந்தேன். உன் கார் விடயத்தில் அது மழையைப் பார்த்து மழை என்று சொல்வதைப் போலத்தான் இருந்தது.

பாக்கியத்தின் மகனுக்குப் பூண்டுலோயாவில் பெண் பேசி முடித்த நாளுக்கு வருகிறேன். பரிசம் போட்டு முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பெண்ணின் தகப்பனார் வாகன ஏற்பாட்டைப் பற்றிக் கேட்டார். நீ இலையிலிருந்து தலையை நிமிர்த்தி, “சம்பந்தி, நீங்க வண்டிக்கெல்லாம் அலைய வேணாம். மருமக எங்க காருலதான் வரும். லயத்து வாசல்லதான் எறங்கும்” என்றாய். பந்தியே திரும்பிப் பார்த்தது. பாக்கியம் பரிமாறிக்கொண்டிருந்த கையோடு நின்றுவிட்டாள். அவளுடைய கண் நிறைந்ததை நானும் பார்த்தேன்.

அந்த நேரத்தில் கார் ஓடக்கூடிய நிலையில் இருக்கவில்லை. நசீர் நானா பார்த்துவிட்டு, இனி இதில் போடுவது எல்லாம் தண்ணீரில் போடுவது என்று சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. அது உனக்கும் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் உன்னிடம் கேட்டேன்.

“ஏன்டா அப்படிச் சொன்ன?”

“சொல்லாம எப்படிடா இருக்கிறது?” என்றாய். யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். “அதுக்குள்ள எப்படியாச்சும் செஞ்சிரலாம்.”

மழைக்காலம் முடியுமுன்னே நீ போய்விட்டாய். நெஞ்சு வலி என்று கடையில் உட்கார்ந்தவன் எழும்பவில்லை. உன் மனைவி கடையைக் கைமாற்றிவிட்டு மகளோடு கொழும்பில் இருக்கிறார். காருக்குக் கூரை வேண்டும் என்று நானும் நசீர் நானாவும் அதை லொறியில் ஏற்றி என் கொட்டகைக்குக் கொண்டு வந்தோம். என்ன செய்வது என்று தொலைபேசியில் கேட்டேன். “அண்ணே, நீங்க என்ன செஞ்சாலும் சரிங்க. ஆனா வித்துட்டேன்னு மட்டும் என்கிட்ட சொல்லிராதீங்க” என்றார். இதை எந்த விதியின் கீழ் நான் நிறைவேற்றுவது?

என்னால் முடிந்தவரை முயன்றேன் என்பதை நீ அறிய வேண்டும். கொழும்பிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். அவர் மூடியைத் திறந்ததும் எலிப் புழுக்கை கொட்டியது. வயர்களின் மேலுறையை எலிகள் கடித்துத் தின்றிருக்கின்றன. கூட்டைப் பார்த்தால் அது உன் காலத்திலேயே தொடங்கிய வேலை. தரைவிரிப்புக்குக் கீழே இறங்கிய ஈரம் கணினிப் பெட்டியைக் கெடுத்திருக்கிறது. அவர் கேட்ட தொகையில் வேறொரு கார் வாங்கலாம். அதையும் ஒரு பக்கம் வைத்துவிட்டாலும், கார் இன்னும் உன் பெயரில்தான் இருக்கிறது. காப்புறுதி முடிந்துவிட்டது. வருடாந்த அனுமதிப்பத்திரமும் முடிந்துவிட்டது. இறந்தவரின் காரை வீதியில் இறக்க எனக்கு அதிகாரம் இல்லை. நசீர் நானாவிடம் இதையெல்லாம் ஒப்புவித்தபோது, “அப்ப ஒண்ணு செய்வோம் சேர். லொறியில ஏத்திக் கொண்டு போயி, வாசல்ல எறக்கி, பொண்ண உள்ள உக்கார வச்சி, மறுபக்கக் கதவால எறக்கிருவோம்” என்றார். சிரிப்பதற்காகச் சொன்னார். நான் உண்மையாகவே அதை யோசித்தேன். அந்த நிலைக்கு வந்துவிட்டேன். உடைத்துப் பாகமாக விற்றால் ஏதாவது கிடைக்கும் என்பதும் அவர் சொன்னதே. அதைக் கேட்டபோது உன்னை இரண்டாம் முறை மயானத்துக்கு எடுத்துச் செல்வது போல இருந்தது.

நேற்று பாக்கியம் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். வருகிற ஞாயிறு கல்யாணம். தேநீரைக் கூடக் குடிக்காமல் கொட்டகைக்குப் போனாள். சேலைத் தலைப்பால் காரின் கண்ணாடியைத் துடைத்தாள்.

“அண்ணே, வண்டி வந்துரும்ல?” என்றாள். “பூண்டுலோயாக்காரங்க வேற வண்டியே பேசல. அண்ணன் சொன்ன பேச்சுன்னு அப்படியே இருக்காங்க. லயத்துல பொடியனுங்க வண்டி வரணும்னு ரோட்டுல கல்லு எடுத்துக்கிட்டு இருக்கானுங்க.”

“பார்ப்போம்” என்றேன். நான் அப்படிப்பட்ட சொல்லைப் பயன்படுத்துகிறவன் அல்ல. பத்திரிகையை வாங்கிக்கொண்டு வாசல் வரை வந்து அவளை அனுப்பினேன். அவள் நிம்மதியாகப் போனாள். அதுதான் என்னை இரவு முழுவதும் தூங்கவிடவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கார் அல்ல. பந்தியில் தலையை நிமிர்த்தி நீ சொன்ன அந்த வாக்குத்தான். அதை என்னால் நிறைவேற்ற முடியவில்லை. கீழே வைக்கவும் முடியவில்லை. கார் வராது என்பதை இன்றே சொல்லியாக வேண்டும். வேறு வண்டி பேச அவர்களுக்கு நாள் வேண்டும். எப்போதிருந்து பழுது என்று பாக்கியம் கேட்பாள். உண்மையைச் சொன்னால், ஓடாத கார் என்று தெரிந்துகொண்டே அண்ணன் தன்னை அத்தனை பேர் முன்னால் அழவைத்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவளிடம் இப்போது மிச்சமிருக்கும் அண்ணன் அந்தப் பந்தியில் இருந்தவன்தான்.

ஆகவே நான் செய்யப்போவதை உனக்கு அறியத்தருகிறேன். பகல் பஸ்ஸில் மேல் டிவிசனுக்குப் போவேன். அங்கிருந்து பூண்டுலோயாவுக்கும் போவேன். நீ விட்டுச்சென்றபோது கார் நல்லபடியாகத்தான் ஓடியது, என் பொறுப்புக்கு வந்த பிறகு நான் கவனிக்காமல் விட்டதால்தான் கெட்டுப்போனது என்று இரண்டு வீட்டாரிடமும் சொல்வேன்.