எட்டுச் சொட்டுத் தண்ணீரும் என் சுருள்கல்லும்

மச்சான்,

காலையில் ஸ்கூட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் மூடியைத் திருகியதும் அந்த ஆசிட் நெடி மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீடு வரைக்கும் நடந்தே வந்துவிட்டேன். உட்கார முடியவில்லை. மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தாயிற்று. ஃபேனைப் போட்டு, நிறுத்தி, மறுபடியும் போட்டாயிற்று. அலமாரி மேல் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போய் ஒரு வருஷம், முதல் திதியும் முடிந்துவிட்டது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த உங்கள் பேட்டரி கடையில் இப்போது செல்போன் விற்கிறார்கள். உள்ளதைச் சொன்னால் அது எட்டுக்குப் பத்து அறை. ஆனால் அரியலூரில் நான் சொல்லி வைத்திருந்தது வேறு. திருச்சிக்கும் சென்னைக்கும் நடுவே ஓடுகிற அத்தனை லாரியும் என் அக்கா புருஷன் தலையசைத்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று சொல்லியிருந்தேன். அது உங்கள் காதுக்கு வந்தபோது, "மாப்ள, காத்தைக் கொஞ்சம் கம்மியா ஊதுடா, வெடிச்சிடப் போவுது" என்றீர்கள். உங்கள் மகளோ எனக்குப் புளுகு மாமா என்று பட்டமே சூட்டிவிட்டாள். இந்த ஒரு மடலில் மட்டும் புளுகாமல் இருக்கப் பார்க்கிறேன்.

ரெண்டாயிரமாவது வருஷம் திருச்சியில் அந்த இரண்டு மீன்களை வாங்கினீர்கள். டிஸ்கஸ். தோசைக்கல் மாதிரி வட்டம், உடம்பெல்லாம் நீலக் கோடு. நானும் கூட நின்றேன். கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னீர்கள்.

"அப்ப வேணாம் சார். உங்க பக்கத்துத் தண்ணி முழுக்கச் சுண்ணாம்பு. மீனு வேணா உசுரோட கெடக்கும், முட்டை பொரியாது."

நீங்கள் அதற்குப் பிறகு பேரம்கூடப் பேசவில்லை. ஜோடியாகக் கட்டித் தரச் சொன்னீர்கள். பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "பொரிய வச்சுக் காட்டுறேன் பாரு" என்று சிறுவாச்சூர் தாண்டும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை. நம் பக்கத்து போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலை குளித்தால் முடி தேங்காய் நாராகிவிடும். எங்கள் அரியலூர் தண்ணீரைத் தட்டில் ஊற்றி ஒரு வாரம் வெயிலில் வைத்தால், எட்டாம் நாள் அதை அடுக்கிச் சுவர் எழுப்பலாம். (இது ஒன்று தவறிவிட்டது, மன்னிக்கவும்.)

ஆனால் உங்களிடம் லாரி பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் கேன் கேனாக இருந்தது. அதோடு மொட்டை மாடியில் பிடித்த மழைத்தண்ணீர், அதில் கொஞ்சம் போர் தண்ணீர், ஊற வைக்க நாட்டு பாதாம் இலை. அளந்து அளந்து கலந்தீர்கள். கலந்தது சரியா என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தீர்கள். பழைய மருந்து பாட்டிலில் பாதி தண்ணீர். கரைத்த சோப்பை இங்க் ஃபில்லரால் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்குவது. நுரை கலையாமல் நிற்கிற வரைக்கும் எண்ணுவது. போர் தண்ணீர் முப்பது சொட்டு குடிக்கும். மழைத்தண்ணீருக்கு மூன்று போதும். தொட்டியை எட்டில் நிறுத்தினீர்கள். எட்டு வந்த அன்று கடைக்கே லீவு விட்டீர்கள்.

அந்த விழாவுக்கு நான் வெறுங்கையோடு வரலாமா? சுண்ணாம்புச் சுரங்கத்துப் பக்கம் ஒரு காட்டில் பொறுக்கிய கல்லைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தேன். கிடாக்கொம்பு மாதிரி சுருண்டு சுருண்டு போகிற கல். ஒரு காலத்தில் அரியலூர் கடலாக இருந்ததாம், அந்தக் கடலின் பட்டத்து ராஜா இவர்தான் என்று அறிமுகப்படுத்தினேன். சிரித்துக்கொண்டே தொட்டி நடுவில் வைத்தீர்கள். அதில் உடைந்த சின்னத் துண்டு கடையில் பில் பறக்காமல் இருக்கப் போயிற்று.

அடுத்த வாரம் சோப்பு பதினைந்து சொட்டு குடித்தது. தண்ணீரை மாற்றினீர்கள், எட்டு. மறு வாரம் பதினாறு. மீன் முட்டை இட்டது, இரண்டே நாளில் எல்லாம் வெள்ளையாகப் பூத்துப் போயிற்று. இப்படியே மூன்று தடவை. நீங்கள் இளைத்துப் போனீர்கள். பிறகு அக்காவைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தீர்கள்.

அக்கா மழைத்தண்ணீரில் ஒரு குடம் எடுத்துப் பருப்பு வேக வைத்தது உண்மை. அதை அவளே சொன்னாள். "எடுத்தேன்தான். உங்க மீனுக்கு ஒரு டிரம்மு, எனக்கு ஒரு கொடம் கெடையாதா?"

"எடுத்ததச் சொல்லல. கொறைஞ்சது தெரியக் கூடாதுன்னு போர் தண்ணிய ஊத்தி நெரப்பி வச்சிருக்க."

"நான் ஊத்தல."

நீங்கள் பாட்டிலை எடுத்து அவள் கண் முன்னால் குலுக்கினீர்கள். பதினெட்டு. "சோப்பு பொய் சொல்லுமா?"

"அப்ப நான் சொல்றனா?"

"வெள்ளிக்கிழமை சிறுவாச்சூரு கோயிலு தொறக்கும். காளி முன்னாடி சத்தியம் பண்ணுவியா?"

"கூப்புடுங்க, வரேன். பண்ணிட்டு அங்கேருந்து இந்த வூட்டுக்குத் திரும்ப மாட்டேன்."

வெள்ளி வரைக்கும்கூட அவள் காத்திருக்கவில்லை. மகளை இழுத்துக்கொண்டு அரியலூர் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு நாள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

சமாதானத் தூதுவராக நான் புறப்பட்டேன். நம் மாவட்டத்தைப் பிறகு பிரித்துச் சேர்த்தபோதுகூட அப்படி ஒரு தூது போயிருக்காது. கடைக்கு வந்தபோது நீங்கள் டீக்கு வெளியே போயிருந்தீர்கள். சும்மா இருக்கிற கையா இது? ஆசிட் அளக்கிற கண்ணாடிக் குழாயை எடுத்து ஆட்டினேன். ஒரு சொட்டு பில் மேல் இருந்த கல்துண்டில் விழுந்தது. புஸ்ஸென்று சோடா மாதிரி பொங்கிற்று, மச்சான். ஆசிட் பட்டால் அப்படிப் பொங்குவது சுண்ணாம்புதான். தண்ணீரைக் கெடுத்தது அக்கா இல்லை. தொட்டியில் உட்கார்ந்துகொண்டு ராப்பகலாகச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தது என் பட்டத்து ராஜா.

நீங்கள் திரும்பி வருகிறவரை யோசிக்க மூன்று நிமிஷம் இருந்தது. நீங்கள் வந்த பிறகும், ஊரையே வாயால் விலைக்கு வாங்குகிறவனுக்கு "என் கல்தான்" என்று இரண்டு வார்த்தை வரவில்லை. நீங்கள் சிரிப்பீர்களே என்ற வெட்கம். உங்கள் வீட்டுக்குப் போய், "கல்லுல பாசி, தேய்ச்சுக் காய வைக்கிறேன்" என்று தூக்கிப் பின்கட்டில் போட்டேன். தண்ணீரையும் மாற்றிவிட்டோம். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து வந்தேன். நீங்கள் வாசலிலேயே பாட்டிலோடு நின்றீர்கள். "பாத்தியா மாப்ள? எட்டு! அவ இல்ல, சொட்டு ஏறவே இல்ல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

என் அக்காவைக் காப்பாற்றப் போய் அவள் தலையிலேயே குற்றத்தை ஏற்றிவிட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? காய்ந்த கல்லைத் துடைத்து, "தொட்டி வெறிச்சுன்னு கெடக்கு மச்சான்" என்று மறுபடி உள்ளே இறக்கினேன். வீட்டில் உங்களைத் தவிர ஆள் இல்லை. அடுத்த வாரம் சோப்பு பதினேழு குடித்தது. மறுபடி குலுக்கிப் பார்த்தீர்கள், அதே பதினேழு. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினீர்கள். என் வீட்டு வாசலில் நின்று, அத்தனை பேர் பார்க்க, "என் தப்பு. வா" என்றீர்கள்.

என் திட்டத்தை மெச்சி நானே எனக்கு மாலை போட்டுக்கொள்ளாத குறை. ஆனால் நான் கல்லை இறக்கிய அந்த வாரத்தில்தான் மீன் நாலாவது தடவை முட்டை இட்டிருந்தது. அதற்கு முன்பிருந்த எட்டுச் சொட்டுத் தண்ணீரில் அது பொரிந்திருக்கும். நீங்களும் அக்காவும் வீடு திரும்பியபோது எல்லாம் வெள்ளை. தொட்டி முன்னால் குந்தியிருந்த நீங்கள் திரும்பாமலே சொன்னீர்கள்:

"அவள அழ வச்சேன்ல மாப்ள. அந்தப் பாவம், பொரியல."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை. அந்த வாரமே மீன்களைத் திருச்சிக் கடையிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டீர்கள். அதன் பிறகு அக்காவிடம் குரலை உயர்த்தும்போதெல்லாம் பாதியில் நிறுத்திவிடுவீர்கள். ஊரே உங்களைத் தங்கமான மனுஷன் என்றது. ஏன் நிறுத்துகிறீர்கள் என்று எனக்கு மட்டும் தெரியும்.

முந்தாநாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் துடைப்பத்தை எடுப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரித்துவிடுவாள் என்றும் ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது. அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"என்னைச் சந்தேகப்பட்டது தப்புன்னு அவரு ஒத்துக்கிட்டது சரிதான்டா. நான் ஊத்தலையே. ஆனா அந்த முட்டைக்கு, போற வரைக்கும் ஆறு வருசம் தன்னையே நொந்துக்கிட்டுக் கெடந்தாரே, ஒரு தடவ சொல்லியிருக்கக் கூடாதா?"

  எழுதி முடித்தால் உட்கார முடியும் என்று நினைத்தேன், இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். முட்டை பொரியாதது உங்கள் கோபத்தால் வந்த பாவம் இல்லை, மச்சான். தண்ணீரை நீங்கள் சரியாகத்தான் வைத்திருந்தீர்கள்.