சாவுக்கு நின்ற வண்டி

11.2.2025, செவ்வாய்

வைப்பர் பிளேடு மாற்றவேண்டும். மகள் கவியாவின் ஹாஸ்டலுக்குப் போன் செய்யவேண்டும். இரண்டையும் இன்றைக்கும் செய்யவில்லை.

மதிய ஷிஃப்டுக்குப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓடைப் பாலத்துக்கு முன்னால் சுடுகாட்டுப் பாதை பிரியும் இடத்தில் எதிரே ஒரு சாவு வந்தது. தப்பு மேளம், வெடி, ரோடு நிறைய ஆட்கள். சாவு எதிரே வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர் இறங்கி நிற்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். யார் வீட்டுச் சாவு என்று பார்ப்பதில்லை. அப்பா டிராக்டர் ஓட்டிய காலத்தில் செய்தார், நானும் செய்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் போலீஸ் ஜீப் வந்து சைரன் அடித்தது. நான் எங்கே போவது? முன்னால் பாடை, ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் கருவேல முள். ஜீப்பில் இருந்தவர் தலையை நீட்டி, "வண்டிய எடும்மா, எறங்கி நின்னு என்ன வேடிக்கை" என்றார்.

"ஆளுங்க மேல ஏத்தச் சொல்றீங்களா சார்" என்றேன்.

அதைச் சொல்லியிருக்கவேண்டாம். என் வாய் எனக்கு முந்திக்கொள்ளும். என்னையும் வண்டி நம்பரையும் சேர்த்து போட்டோ எடுத்துக்கொண்டார். கூட்டம் சுடுகாட்டுப் பாதையில் திரும்பிய பிறகு ஒதுங்கி ஜீப்பை விட்டேன். எங்கோ பந்தோபஸ்துக்குப் போகிறார்களாம்.

13.2.2025, வியாழன்

போனில் அபராதச் செய்தி. போலீஸ் வண்டிக்கு வழிவிடவில்லை, பத்தாயிரம். விடுவதற்கு வழி எங்கே இருந்தது?

17.2.2025, திங்கள்

கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் நல்லதம்பி சார் கூப்பிட்டார். செய்தி எனக்கு முன்னால் அவருக்குப் போய்விட்டது போலிருக்கிறது.

"போலீஸ் கேஸ் இருக்கிற வண்டிய கேட்டுக்குள்ள விடக்கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்கம்மா. உங்க மேல தப்பு இல்லன்னு கோர்ட்டுல சொல்லிட்டா எனக்குப் போதும். மார்ச் கடைசி வரைக்கும் சமாளிக்கிறேன்."

ஆக, அபராதத்தைக் கட்டினால் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும், ரூட் போய்விடும். சரி, கோர்ட்டுக்கே போவோம். வீட்டுக்காரர் செத்த பிறகு இந்த ரூட்டை வைத்துத்தான் கவியாவை நர்சிங்கில் சேர்த்தேன். செய்யாத தப்புக்கு இதை விட்டுக்கொடுப்பேனா?

19.2.2025, புதன்

அரியலூரில் வக்கீல் கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்தேன். வண்டியில் இருந்த பெண்கள் எல்லாரும் சாட்சிக்கு வருவார்கள் என்றேன். "உங்க வண்டியில வர்றவங்க உங்களுக்குத்தான் பேசுவாங்கம்பாங்க. வெளியாள் வேணும். சாவு வூட்டுக்காரங்க யாராச்சும் வந்து, ரோடு பூரா நாங்கதான் நின்னோம்னு சொன்னா கேஸ் நிக்காது" என்றார்.

அங்கிருந்து நேராகச் சாவு வீட்டுக்குப் போனேன். இறந்தவர் பெயர் பூமாலை. மகன் பஞ்சநாதன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். மொட்டைத் தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டான்.

"எங்கப்பாவுக்காக கொளுத்துற வெயில்ல செருப்பு இல்லாம நின்னீங்கக்கா. நான் வந்து சொல்லமாட்டனா? எந்தத் தேதின்னு மட்டும் சொல்லுங்க."

கேட்டு முடிக்கும் முன்பே ஒத்துக்கொண்டான். திரும்பும்போது வண்டி தானாக ஓடியது.

26.2.2025, புதன்

பூமாலையின் காரியத்துக்கு அழைத்திருந்தார்கள், போனேன். பஞ்சநாதன் என்னை முதல் பந்தியில் உட்காரவைத்தான். மூலையில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா காத்தாயி என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. "எங்க மனுசனைத் தூக்க வந்தவன்கூட அப்படி நிக்கலடி" என்றார். கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாத வீட்டில் எனக்கு ஓர் அம்மா.

14.3.2025, வெள்ளி

அடுத்த வியாழன் கோர்ட். பஞ்சநாதன், "நீங்க கவலப்படாதீங்கக்கா" என்றான். கவலைப்படவில்லை.

20.3.2025, வியாழன்

வந்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

ஆனால் என் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. அந்த ஜீப்பில் இருந்தவரோடு நின்றான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஏதோ கையெழுத்துக்குக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

மாஜிஸ்திரேட் அம்மா கேட்டார். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நாங்க ஓரமாத்தாங்க போனோம். வண்டி போறதுக்கு வழி விட்டுத்தான் போனோம். அவங்க எதுக்கு நிறுத்தினாங்கன்னு தெரியலைங்க."

கிருஷ்ணமூர்த்தி சார் குறுக்கே என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், வழி விட்டோம். நான் இறங்கி நின்ற போட்டோவைக் காட்டினார்கள். அதில் நான், என் வண்டி, கையில் சாவி. முன்னால் இருந்த கூட்டம் அதில் விழவில்லை. அபராதம் உறுதி என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் அவனைப் பிடித்தேன்.

"ஏன்டா?"

"ரோட்டை அடைச்சோம்னு சொன்னா, அனுமதி இல்லாம வெடி வெடிச்சது, போக்குவரத்தை மறிச்சதுன்னு எங்க மேல கேஸ் போடுவோம்னு கூப்ட்டு வச்சு சொல்லிட்டாங்கக்கா. கேஸ் இருக்கிற டிரைவரை சிமெண்ட் ஆலை கேட்டுல விடமாட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாதா. எனக்குத்தான் தெரியும்.

21.3.2025, வெள்ளி

தூக்கம் இல்லை. ராத்திரி பூரா அவன் சொன்னதே காதுல கேட்டுக்கிட்டு இருக்கு. எதுக்கு நிறுத்தினாங்கன்னு தெரியலையாம். உன் அப்பனுக்குடா. உன் அப்பனுக்குத்தான் நின்னேன். வரமாட்டேன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் வேற ஆளைத் தேடியிருக்கமாட்டனா? மொதப் பந்தியில சோறு போட்டு, அக்கா அக்கான்னு சொல்லி — போலீஸ்காரர் என்னைக் கவுத்ததுல எனக்கு ஆச்சரியமே இல்ல. அவர் எனக்கு யாரு? இவன் கவுத்ததுதான் ஆறமாட்டேங்குது.

அந்தக் கிழவிக்குத் தெரியுமா? தெரிந்துதான் கையைப் பிடித்தாரா?

2.4.2025, புதன்

ரூட் போய்விட்டது. நல்லதம்பி சார் போனில்தான் சொன்னார்.

9.5.2025, வெள்ளி

வண்டியை விற்றாயிற்று. கவியா அழுதாள், நான் அழவில்லை. திங்கள் முதல் தண்ணீர் கேன் கம்பெனிக்காரரின் குட்டியானை லோடு வண்டியை ஓட்டப்போகிறேன். கேன் பேசாது, சாட்சிக்கும் வராது.

இனிமேல் எந்தச் சாவுக்கும் இறங்குவதில்லை. எழுதிவைத்துக்கொள்கிறேன்.

19.8.2025, செவ்வாய்

காலையில் பஸ் ஸ்டாப் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். காத்தாயி. காரியத்தன்று என் கையைப் பிடித்தபோது பார்த்த அதே முகம்.

மதியம் வேறு ரோட்டில் போயிருக்கலாம். சுற்று அதிகம், டீசலுக்கு ஓனர் கத்துவார் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு அந்த ரோட்டிலேயே போனேன். பாலத்துக்கு முன்னால் அதே இடத்தில் எதிரே வந்தார்கள். தப்பு உண்டு, வெடி இல்லை. கொள்ளிச்சட்டியோடு முன்னால் பஞ்சநாதன்.

அவன் என்னைப் பார்த்துவிட்டான். பிறகு திரும்பி, "ஓரமாப் போங்கப்பா, வண்டிக்கு வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்தினான். ஆட்கள் நெருக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். நாலு பேர் முள்ளில் போய் விழுந்தார்கள். பாடை தூக்கியவர்களில் ஒருவருக்குப் பள்ளத்தில் கால் வழுக்கி, பாடை சாய்ந்து, பெண்கள் ஐயோ என்று பிடித்தார்கள். அவ்வளவுக்கும் பிறகு கிடைத்த இடத்தில் ஒரு பைக் போகலாம். என் பழைய வேனில் பாதி இருக்கும் இந்தக் குட்டியானைகூடப் போகாது.

அவனும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாய்ந்த பாடையைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கோர்ட்டில் பார்க்காத பார்வை.

நான் ஏற்கெனவே எஞ்சினை அணைத்திருந்தேன். செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

"நீங்க நடு ரோட்டுலயே போங்க, நான் நிக்கிறேன்" என்றேன். தப்பு அடித்தவர்களைப் பார்த்துத்தான் சொன்னேன், அவனிடம் இல்லை.

தார் சுட்டது. அந்த அம்மா சுடுகாட்டுப் பாதையில் திரும்பும் வரை நின்றேன். இன்றைக்குக் கேன் எல்லாம் லேட்.