கம்ப்யூட்டரை அழித்த வாரம்

ஜூலை 18, வெள்ளி

காலையிலிருந்து காற்று. ஷட்டரைத் தூக்கியதும் தூசி துடைப்பதிலேயே அரை மணி நேரம். சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா நெருங்குகிறது, பிளக்ஸ் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், நடுவில் ஒரு பூப்புனித நீராட்டு.

கம்ப்யூட்டரைப் போட்டால் எந்த டிசைனும் திறக்கவில்லை. ஒவ்வொரு பைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத வால் ஒன்று. எல்லா போல்டரிலும் ஒரே ஆங்கிலக் கடிதம். எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் சாவி தருவோம் என்று. டாலரில்.

பேக்கப் ஹார்ட் டிஸ்க் இருக்கிறதே என்று பார்த்தேன். அதை எப்போதும் மாட்டியேதான் வைத்திருப்பேன். அதிலும் வால்.

யார் பென் டிரைவில் வந்ததோ, எதை இறக்கும்போது வந்ததோ. தெரியவில்லை.

காதர் அண்ணனுக்குப் போன். கடையநல்லூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர், இந்தக் கம்ப்யூட்டரை எனக்கு மாட்டித் தந்ததே அவர்தான். இன்றைக்கு ஜும்ஆ தொழுகை, நாளைக்கு வருகிறாராம். "ஆஃப் பண்ணிட்டு சும்மா இருங்க தங்கச்சி. அத நோண்டாதீங்க."

நோண்டவில்லை. மதியம் தயிர்ச்சாதம். தண்ணீர்ப் பந்தல்காரரிடம் கரண்டு இல்லை என்று பொய்.

ஜூலை 19, சனி

கா. அண்ணன் பத்து மணி பஸ்ஸில் வந்தார். பார்த்தார். டீ கேட்டார்.

"எல்லாத்தையும் பூட்டிட்டான் தங்கச்சி. சாவி அவன்ட்ட இருக்கு."

"எவன்ட்ட?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு கடையநல்லூர்ல ஸ்குரூ முடுக்கிக்கிட்டு கெடக்கேன்?"

பணம் கட்டினாலும் சாவி வரும் என்று நிச்சயம் இல்லையாம். மொத்தமாக அழித்துவிட்டு விண்டோஸை முதலிலிருந்து போட வேண்டும். பூட்டின பைல்களை வேண்டுமானால் ஒரு புது டிஸ்கில் எடுத்து வைக்கலாம். சில வைரஸுக்குச் சாவி பின்னால் யாராவது கண்டுபிடித்து இலவசமாக விடுவார்களாம். எப்போது? "அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

கடை பைல்களை எடுக்கச் சொன்னேன். அவர் ஒரு போல்டரில் நின்றார்.

"இதுல கல்யாணம்னு போட்டிருக்கே. உங்களுதா?"

"ஆமா."

"எடுக்கட்டா?"

அந்த போல்டரைத் திறந்தே நாலு வருஷம் இருக்கும். என் வீட்டுக்காரர் திருப்பூருக்குப் போனதும் அப்போதுதான். அங்கே அவருக்கு இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. இதெல்லாம் கா. அண்ணனுக்கும் தெரியும். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

"கடை பைல் மட்டும் போதும்ணே."

அடுத்ததற்குப் போனார். பிறகு ஃபார்மட். இவ்வளவையும் அழிக்க மணிக்கணக்காகும் என்று நினைத்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

கடை லீவு, ஆனாலும் வந்தேன். விண்டோஸ் ஏறிவிட்டது. நீலத் திரை, ஓரத்தில் குப்பைத் தொட்டிப் படம் மட்டும். புது வீட்டில் சாமான் இறக்காமல் நிற்பது மாதிரி.

போட வேண்டியவை: பிரின்டர் டிரைவர், போட்டோஷாப், தமிழ் எழுத்துருக்கள் (பழைய வாடிக்கைக்காரர்கள் அந்த வளைந்த எழுத்தைத்தான் கேட்பார்கள்), ஸ்கேனர். விநாயகர் படம், குத்துவிளக்கு, ரோஜா மாலை எல்லாம் திரும்பத் தேட வேண்டும். படத்தில் ஆண்களுக்கு மாட்டிவிடும் வெள்ளைச் சட்டையும். எத்தனை பேருக்கு மாட்டியிருப்பேன் அந்த ஒரே சட்டையை.

ஸ்கேனர் கடைசிவரை வேலை செய்யவில்லை. பிறகு பார்த்தால் ஒயரே சொருகவில்லை.

ஜூலை 21, திங்கள்

வெயில், அதே காற்று. தண்ணீர்ப் பந்தல் பிளக்ஸ் முதலிலிருந்து செய்து கொடுத்தாயிற்று.

மதியம் பேச்சியம்மாள் அக்கா வந்தாள். தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறவள். போன ஆடியில் அவள் புருஷன் மாடசாமி இறந்தபோது கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் நான்தான் செய்தேன். அடுத்த வாரம் செவ்வாய் வருஷ நினைவு.

"அவிய படத்த பிரேம் போட்டுத் தா தாயி. இனிமே வீட்டுல மாட்டலாம்னு இருக்கேன்."

"இதுவரைக்கும் மாட்டலையாக்கா?"

"மாட்டுனா மக பாத்துப் பாத்து அழுவா. ஒரு வருஷம் கழியட்டும்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டேன். வைரஸ், பூட்டு, அழித்தது, எல்லாம். புரிந்ததா தெரியவில்லை. "அப்ப அவிய படம்?" என்றாள்.

அந்தப் படம் யாரோ ஒரு கல்யாண வீட்டில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது. கூட்டத்தில் நின்றவரை வெட்டி எடுத்திருந்தேன். அனுப்பியவர் போன் மாறிவிட்டது, என் போனும். ராஜபாளையத்தில் பிளக்ஸ் அடிக்கிற பிரஸ்ஸில் கேட்டேன், பழைய பைல்களை வைத்துக்கொள்வதில்லையாம். வேறு படம்? ஆதாரில் இருப்பதுதான்.

"அது வேண்டாம். அதுல அவிய திருடிட்டு நிக்க மாதிரி இருப்பாவ."

கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாடசாமியும் அந்தப் புது டிஸ்கில்தான் இருக்கிறார், பூட்டியபடி.

ஜூலை 22, செவ்வாய்

கா. அண்ணனுக்குப் போன் போட்டு, இந்த ஒரு பைலை மட்டும் திறக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது. "ஒண்ணு தொறந்தா எல்லாமே தொறந்துரும்லா."

சாயங்காலம் பே. அக்காவே வந்தாள். வாசலில் நின்றபடியே, "அந்த பிளக்ஸ் இருந்தா ஆவுமா?" என்று கேட்டாள். தெருவில் கட்டியிருந்ததைக் காரியம் முடிந்ததும் கொழுந்தன் கழற்றிக்கொண்டு போனானாம். சிவகிரிக்கு இந்தப் பக்கம் ஊர். ஆடு வளர்க்கிறவன். கொட்டகைக்கு மேலே போட்டிருப்பான் என்றாள்.

ஒரு வருஷ வெயில். வெளுத்துப்போயிருக்கும் என்று சொல்ல வந்தேன். வியாழக்கிழமை போகலாம் என்றேன்.

ஜூலை 24, வியாழன்

மதியத்துக்கு மேல் கடையை அடைத்துவிட்டு சிவகிரி பஸ். பே. அக்கா ஜன்னலோரம். வழியில் ஒரு தடவை "இங்கன மழ பேஞ்சிருக்கு" என்றாள். மலைப் பக்கம் கருத்திருந்தது. இறங்கும்போது லேசாகச் சாரல்.

கொழுந்தன் பெயர் வேலு. வாசலிலேயே நின்றான். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"மதினி, தப்பா நெனைக்காதீய. சும்மா கெடக்குதேன்னுதான் போட்டேன்."

"நான் ஒண்ணும் சொல்லலய்யா. எங்கன இருக்கு?"

கொட்டகைக் கூரையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பிளக்ஸின் முதுகு. படத்தைக் காணோம்.

"அண்ணன் மொகத்துல மழ விழ வேண்டாம்னு உள்பக்கமா திருப்பிப் போட்டேன்" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டு.

குனிந்து உள்ளே போனோம். ஆடுகள், புழுக்கை நாற்றம், அரை இருட்டு. நிமிர்ந்து பார்த்தால் மேலே மாடசாமி. வெள்ளைச் சட்டை, நான் போட்ட ரோஜா மாலை, கீழே 'கண்ணீர் அஞ்சலி'. வெயிலே படாததால் நிறம் அப்படியே இருந்தது. ஒட்டடை மட்டும்.

பே. அக்கா அண்ணாந்து நின்றாள். ஒரு குட்டி அவள் சேலையைக் கடித்து இழுத்தது. அவள் கவனிக்கவில்லை.

"இங்கனதான் இருக்காவளா" என்றாள்.

வேலு ஈரத்துணியால் மெல்லத் துடைத்தான். வலது கண் இருக்கும் இடத்தில் ஓட்டை, மூங்கிலோடு கம்பி வைத்துக் கட்டியதில். அதைப் பார்த்துவிட்டு அவன் வெளியே போய்விட்டான். கூரையிலிருந்து கழற்றி வெளிச்சத்தில் விரித்துத் தந்தது பக்கத்து வீட்டுக்காரர். போனில் பல படங்கள் எடுத்தேன். சாரல் வலுத்ததும் திரும்ப மேலே போட்டுவிட்டோம். இந்தத் தடவையும் உள்பக்கமாகவே.

வேலு வீட்டில் காப்பி. சீனி தூக்கல்.

பஸ்ஸில் வரும்போது என் வீட்டுக்காரர் முகத்தை நினைத்துப் பார்த்தேன். மீசை வந்தது. தாடை வந்தது. மச்சம் எந்தக் கன்னத்தில் என்று தெரியவில்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

முழு நாளும் மாடசாமி. பிளக்ஸ் பெரிதாக அடித்தது, கிட்டே போனால் புள்ளி புள்ளியாக இருக்கிறது. அதைக் குழைத்து, மடிப்பு விழுந்த கோட்டை எடுத்து, நெற்றியில் ஒட்டியிருந்த அழுக்கை எடுத்து. ஓட்டைக் கண்ணுக்கு இடது கண்ணைப் பிரதி எடுத்து, திருப்பி ஒட்டினேன். பொருந்திவிட்டது. பார்க்க நன்றாகவே இருந்தது.

அன்னதான பிளக்ஸ் நாளைக்கு. திட்டு வாங்கினேன்.

மூன்று இடத்தில் சேவ். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்தேன்.

ஜூலை 26, சனி

தறிக்கூடத்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் பே. அக்கா வந்தாள். கையெல்லாம் நூல் பஞ்சு. திரைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டேன். பார்த்தாள். வெகுநேரம்.

"நல்லாத்தான் இருக்கு."

"என்னக்கா?"

"அவிய மாதிரி இருக்காவ. ஆனா அவிய இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. நாளெல்லாம் செய்தது. எங்கே என்று கேட்டேன். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. எழுந்து தள்ளி நின்று பார்த்தாள். பிறகு தன் வலது கண்ணைத் தொட்டாள்.

"இந்தக் கண்ணு. இது அந்தக் கண்ணு மாதிரி இருக்காது. கொஞ்சம் சின்னது. சிரிச்சா மூடியே போவும்."

அவரை உயிரோடு நான் பார்த்ததில்லை. போன வருஷம் செய்த படத்தில் அப்படி இருந்ததா? என் கையால் செய்ததுதான், நினைவில்லை. இமையை மெல்ல இறக்கினேன்.

"இப்ப?"

"அவ்வளவு இல்ல. தூங்குத மாதிரி ஆயிட்டு."

ஏற்றினேன். இறக்கினேன். கண்ணின் ஓரத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தேன். தறிக்கூடத்து மணி அடித்திருக்கும், அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் மூச்சு என் தோளில் பட்டது. இன்னும் ஒரு இழை கீழே இழுத்தேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"போதும் தாயி. இனி தொடாத."