காற்றுத் துளையில் ஒரு கையுறை

பைன் ஹார்பர்
ஜனவரி 21, செவ்வாய்

அன்புத் தங்கை மார்லிஸுக்கு,

அக்கா ஏவிஸ் எழுதுவது. இங்கு நான் நலம். ஏரியில் பனி இருபத்திரண்டு அங்குலம் கட்டியிருக்கிறது, அதுவும் நலம். நீ நகரத்தில் எப்படி இருக்கிறாய் என்பதை உன் பையன் கர்ட்டைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

"சாமான மட்டும் கட்டி வை, வியாழக்கிழம கர்ட் வந்து எடுத்துக்குவான்" என்று எழுதியிருந்தாய். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் பின்பக்கத்தில் இரண்டே வரி. அந்த 'மட்டும்' எனக்குப் புரிந்தது. பத்தொன்பது வருஷமாக ஜனவரி கடைசியில் ஏரிப் பனிமேல் ஹார்லன் போட்டு வைக்கும் மீன்பிடிக் குடிலை ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுப்பது நாம் இரண்டு பேர்தான். இந்த வருஷம் உன் மருமகள் கிர்ஸ்டனோடும் அவளுடைய இரண்டு சிநேகிதிகளோடும் போகிறாயாம். குடிலில் படுக்கை நான்கு. ஆள் நான்கு. எனக்கு இடமில்லை.

அதையும் நீ சொல்லவில்லை. இரைமீன் கடையில் ஹார்லனின் மனைவி டோரீன் சொன்னாள். "ஒன் தங்கச்சி நாலு பேருக்குச் சொல்லி வெச்சிருக்கா. நீ மேல் படுக்கையா, கீழயா? ஒனக்குத்தான் முட்டி வலியாச்சே" என்று கேட்டாள். கீழேதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அறுபத்தேழு வயதில் என்னை ஒரு கடையில் நின்று பொய் சொல்ல வைத்தாய்.

சரி, சாமானுக்கு வருகிறேன். பெரிய சறுக்கு வண்டியில் எல்லாவற்றையும் கட்டிவிட்டேன். தூண்டில் போடும் பனித்துளையில் மிதக்கும் பனித்தூளை அள்ளும் கரண்டி மேலாக இருக்கிறது. ஹார்லன் துளை போட்டுத்தான் கொடுப்பார். ஆனால் மணிக்கு ஒரு தரம் அள்ளாவிட்டால் மூடிக்கொள்ளும் என்று அந்தப் பெண்களுக்குச் சொல். கழுத்தில் மாட்டும் கூராணிகள் நான்கு ஜோடி வேண்டும். நம்மிடம் இருந்தது இரண்டுதான். மீதி இரண்டைக் கடையில் வாங்கினேன். பனி உடைந்து தண்ணீரில் விழுந்தால் நகத்தால் பிறாண்டியா மேலே ஏறப் போகிறார்கள்?

இரும்பு வாணலியை நான்தான் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். கிர்ஸ்டன் அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் என்னிடம் சொல்ல வேண்டாம், என் மனது தாங்காது. மீனில் தோய்க்கும் மாவு நீல டப்பாவில் இருக்கிறது. மீனே கிடைக்காவிட்டால் சாப்பிட இறைச்சி ரொட்டியும் சுட்டு வைத்திருக்கிறேன். உனக்காக இல்லை, அந்தப் பெண்கள் பட்டினி கிடக்க வேண்டாமே என்றுதான். இரைமீன் வாளியை ஹீட்டர் பக்கம் வைத்தால் வெந்துவிடும், கதவுப் பக்கம் வைத்தால் உறைந்துவிடும். நடுவில் வை. சீட்டாட்டத்தில் புள்ளி குறிக்கும் பலகையில் ஒரு முளை தொலைந்துவிட்டது, தீக்குச்சியைச் செருகிக்கொள்ளுங்கள். உன்னிடம் தோற்க இந்த வருஷம் வேறு ஆள் இருக்கிறார்கள்.

மணித்தூண்டில் இரண்டையும் துணியில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறேன். சுவரில் மாட்டிவிட்டுத் தூங்கலாம், மீன் இழுத்தால் மணி அடித்து எழுப்பும். போன வருஷம் நம்மை எழுப்பியது இந்த மணிதான்.

இதை எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன்.

உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரியும். அந்த ராத்திரி என் படுக்கைக்கு மேலே சுவரில் இருந்த காற்றுத் துளையிலிருந்து குளிர் ஊசியாய்க் குத்தியது. நீ பின்னிக் கொடுத்த கறுப்பு வெள்ளைக் கையுறையில் ஒன்றைச் சுருட்டி அதை அடைத்தேன். நச்சுப்புகை அலாரம் பேட்டரி தீர்ந்து கீச் கீச் என்று கத்தியதால் பேட்டரியைக் கழற்றி அதன் வாயையும் அடைத்தேன். ஹீட்டரின் புகை வெளியேறத்தான் அந்தத் துளை என்று இந்த ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். ஒரு ராத்திரிதானே என்று நினைத்தேன்.

காலையில் மீன் இழுத்து மணி அடித்தது. நீ தவழ்ந்து போய்க் கதவைத் திறந்து என்னைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தாய். வாந்தி எடுத்துக்கொண்டு பனியில் கிடந்தபடி பார்த்தேன். நீ உள்ளே போனாய், துளையிலிருந்த கையுறையைப் பிடுங்கினாய், உன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாய். அப்புறம்தான் ஹார்லன் ஓடி வந்தார். "ஹீட்டர்ல ஏதோ கோளாறு போல" என்று அவரிடம் சொன்னாய். என்னிடம் "பரவால்லக்கா" என்றாய்.

நம் ஊரில் வீடு எரிந்தாலும் பரவாயில்லை என்போம். மன்னித்துவிட்டேன் என்பதற்கும் அதே சொல், இனிமேல் உன்னோடு பேச ஒன்றுமில்லை என்பதற்கும் அதே சொல். நீ எதைச் சொன்னாய் என்று ஒரு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டேன். இப்போது தெரிந்துவிட்டது. கசக்கிறது, மார்லிஸ். கோபமும் வருகிறது. உன்மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்பதால் இன்னும் அதிகமாக வருகிறது.

புதன், மதியம்

நேற்று பாதியில் வைத்துவிட்டேன். இன்று காலை ஹார்லனிடம் போனேன். அந்த ஹீட்டரைப் பற்றி ஊரே அவரைக் குறை பேசியது. தேவாலயத்தில் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு பின்வரிசைக்குப் போகிறவர். கையுறையையும் சொன்னேன், அலாரத்தையும் சொன்னேன். நீ மறைத்தது எனக்காக என்பதையும் சொல்லிவிட்டேன்.

கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார். "அந்த ஹீட்டரப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தேன் ஏவிஸ். ஒண்ணுமே இல்ல. எனக்குத்தான் கண்ணு போயிடுச்சு, தொழில விட்டுரணும்னு டோரீன்கிட்ட சொல்லிட்டிருந்தேன்" என்றார். பிறகு, "பரவால்ல" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பனியைக் குத்த ஆரம்பித்தார். வழக்கமாக வாசல்வரை வந்து வழியனுப்புகிறவர்.

புது அலாரம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், மாற்றுப் பேட்டரியும் அதோடு இருக்கிறது. போனதும் முதல் வேலையாக அதை மாட்டு. அந்தப் பெண்கள் குளிர்கிறது என்று சிணுங்கினால் என் கம்பளியைக் கொடு, கடைசியாகக் கட்டியிருக்கிறேன். கம்பளிக்குள் என்னிடம் மிஞ்சிய ஒற்றைக் கையுறை இருக்கிறது. அதன் ஜோடி உன்னிடம். இரண்டையும் நீயே போட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை சாமானைத் திருப்பிக் கொண்டுவர கர்ட்டை அனுப்பாதே. நீயே வா. வந்து என் சமையலறையில் நின்று, "ஏண்டி, என்னக் கொல்லப் பாத்தியே" என்று கத்து. வாணலியைத் தூக்கி எறிந்தாலும் சரி. அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாதே.

மீன் நிறையக் கிடைக்கட்டும். நாலு பேரும் காலையில் கண் விழித்து எழுந்திருங்கள்.

உன் அக்கா,
ஏவிஸ்